ரிசீவருக்குள்ளேயே ஸ்ட்ரீமிங்கா, தனிப் பெட்டியா? ஆடியோ சிஸ்டம் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்கலாம் என்று ஆடியோ கடைக்குப் போனால், இப்போது முதலில் கண்ணில் படுவது ரிசீவரின் வாட்ஸ் அல்ல; அட்டைப் பெட்டியில் வரிசையாக அச்சடித்திருக்கும் லோகோக்கள்தான். வைஃபை, புளூடூத், ஏர்பிளே, ஸ்பாட்டிஃபை, அலெக்சா... "எல்லாமே இதுக்குள்ளயே வந்துடும் சார், தனியா எதுவும் வாங்க வேண்டாம்" என்பார் விற்பனையாளர். பக்கத்திலேயே இன்னொரு மாடல் இருக்கும். அதில் லோகோக்கள் குறைவு, விலையும் குறைவு.

எதை வாங்குவது? அந்தக் குறைந்த விலை மாடலை வாங்கி, இணையத்திலிருந்து பாட்டு இழுத்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றைத் தனியாக மாட்டிக்கொண்டால் போதாதா?

போன் மாதிரி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் பொருள் இல்லை ரிசீவர். பெரும்பாலான குடும்பங்களில் ஒருமுறை வாங்கினால் பத்து, பதினைந்து வருடம் அதுதான் ஓடும். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாக விடை தேடுவது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால்: உள்ளேயே ஸ்ட்ரீமிங் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால், அதற்காகவே கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஏன் என்று பார்ப்போம்.

ஒரே பெட்டிக்குள் இரண்டு ஆயுள்

ஸ்ட்ரீமிங் வசதியுள்ள ரிசீவர் என்பது உண்மையில் இரண்டு கருவிகள். ஒன்று, ஆம்ப்ளிஃபயர். டிரான்ஸ்ஃபார்மர், கெபாசிட்டர், டிரான்சிஸ்டர் எல்லாம் சேர்ந்து ஸ்பீக்கருக்குத் தேவையான சக்தியைக் கொடுக்கும் பகுதி. இன்னொன்று, ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். வைஃபையில் இணைவது, சர்வரோடு பேசுவது, வந்த டேட்டாவைப் பாட்டாக மாற்றுவது எல்லாம் அதன் வேலை.

முதல் பகுதி மிக மெதுவாகத்தான் வயதாகிறது. 1970களில் வந்த சான்சுயி, மராண்ட்ஸ், பயனியர் ஆம்ப்களை இன்றும் சர்வீஸ் செய்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆர்சிஏ துளைகள்தான் இன்றைய புது ஆம்ப்களிலும் இருக்கின்றன. 50 வருடத்துக்கு முந்தைய ஆம்ப்பில் இன்றைய போனை ஒரு சாதாரண வயர் போட்டு இணைத்துவிடலாம்.

இரண்டாவது பகுதி அப்படியல்ல. அதன் ஆயுள் அந்தப் பெட்டியின் கையில் மட்டும் இல்லை. பாட்டு கொடுக்கும் நிறுவனம் தன் சர்வரை மாற்றினால், பாதுகாப்பு முறை மாறினால், தயாரித்த கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்தினால், பெட்டிக்குள் எந்தப் பாகமும் கெடாமலேயே ஸ்ட்ரீமிங் நின்றுபோகும். சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் பயன் இல்லை. மாற்றுவதற்கு அங்கே பார்ட் எதுவும் கிடையாது.

போனிலிருந்து ஸ்பீக்கர் வரை: பாட்டு எப்படிப் போகிறது?

விற்பனையாளர் 'வயர்லெஸ்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். ஆனால், அதில் மூன்று வகை உண்டு.

முதலாவது, புளூடூத். போன்தான் பாட்டை இழுத்து, மறுபடி சுருக்கி, ரிசீவருக்கு அனுப்புகிறது. எளிது, எல்லா போனிலும் வேலை செய்யும். ஆனால், போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். வாட்ஸ்அப் 'டிங்' சத்தம் ஹால் முழுக்கக் கேட்கும்.

இரண்டாவது, ஆப்பிளின் ஏர்பிளே. ஐபோனிலிருந்து வீட்டு வைஃபை வழியாகப் பாட்டு போகிறது. புளூடூத்தை விடத் தூரமும் தரமும் கூடுதல். யூடியூப் மியூசிக், ஜியோசாவன் என எந்த ஆப்பில் பாடினாலும் அனுப்பிவிடலாம். ஆண்ட்ராய்டு போன்காரர்களுக்கு இது இல்லை.

மூன்றாவது, ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட் போன்றவை. இதில் போன் வெறும் ரிமோட்தான். 'இந்தப் பாட்டைப் போடு' என்று மட்டும் அது சொல்லும். பாட்டை நேரடியாக இணையத்திலிருந்து இழுப்பது ரிசீவர். போனில் பேசலாம், போனை வெளியே எடுத்துக்கொண்டு போகலாம், பாட்டு நிற்காது. வசதியில் இதுதான் முதலிடம். ஆனால், பழையதாகும்போது முதலில் அடிபடுவதும் இதுதான். காரணம், இங்கே சர்வரோடு பேச வேண்டியது ரிசீவருக்குள் இருக்கும் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்.

உள்ளேயே இருந்தால் என்ன லாபம்?

லாபம் நிறையவே இருக்கிறது. கூடுதல் வயர் இல்லை, கூடுதல் அடாப்டர் இல்லை, பிளக் பாயின்ட் தேட வேண்டாம். போனில் பாட்டைத் தட்டினால் ரிசீவர் தானாக ஆன் ஆகி, சரியான இன்புட்டுக்கு மாறி, பாட ஆரம்பிக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் ஒரே இடத்தில். டெனான், மராண்ட்ஸின் ஹியோஸ், யமஹாவின் மியூசிக்காஸ்ட் போன்றவற்றில் ஹாலில் ஒரு ரிசீவர், படுக்கையறையில் ஒரு ஸ்பீக்கர் என்று வைத்து இரண்டிலும் ஒரே பாட்டைச் சேர்த்து ஓட்டலாம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இது பெரிய விஷயம். "இன்புட் ரெண்டுக்கு மாத்து, அப்புறம் அந்தச் சின்ன டப்பாவுல லைட் எரியுதா பாரு" என்று போனில் சொல்லிக்கொடுக்கும் நிலை வந்தாலே, அப்பா பழையபடி டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் போய்விடுவார். பல உள்ளமைந்த ரிசீவர்களில், பிடித்த இணைய வானொலி நிலையத்தை ஓர் எண்ணில் சேமித்துவிட்டு, ரிமோட்டில் ஒரே பட்டனில் வரவழைக்கலாம். இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு என்பதை மறுக்க முடியாது.

பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது?

இணைய வானொலியையே எடுத்துக்கொள்வோம். டெனான், மராண்ட்ஸ், யமஹா, ஓங்கியோ என்று பல கம்பெனிகளின் ரிசீவர்களில் 'இன்டர்நெட் ரேடியோ' பட்டனுக்குப் பின்னால் இருந்தது வி-டியூனர் என்ற ஒரே வெளி நிறுவனத்தின் நிலையப் பட்டியல். ரிசீவர் வாங்கியவர்களில் பலருக்கு அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே தெரியாது. பின்னாளில் யமஹா வேறு சேவைக்கு மாறியது. சில பழைய மாடல் வைத்திருந்தவர்கள், அதுவரை இலவசமாகக் கேட்டுவந்த வானொலிக்கு வி-டியூனரில் தனியாகப் பதிவுசெய்து பணம் கட்ட வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த சிலர், வி-டியூனர் சர்வர் போலவே நடிக்கும் 'ஒய்காஸ்ட்' என்ற இலவச மென்பொருளை எழுதி, அதைத் தங்கள் வீட்டிலேயே ஓடவிட்டு, பழைய ரிசீவரில் வானொலியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எல்லோராலும் அது முடியுமா?

அடுத்தது ஸ்பாட்டிஃபை. 2020இல் சில பழைய கருவிகளில் தன் சேவையை அது நிறுத்தியது. அந்தப் பட்டியலில் டெனான், மராண்ட்ஸ், ஓங்கியோ, பயனியர், யமஹா, சோனி எல்லாமே இருந்தன. பெட்டியின் மேல் ஸ்பாட்டிஃபை லோகோ இருந்தது. உள்ளே ஸ்பாட்டிஃபை இல்லை.

பழைய வசதி நிற்பது ஒரு பக்கம். புது வசதி வந்து சேராதது இன்னொரு பக்கம். 2025 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபை, தரம் குறையாத 'லாஸ்லெஸ்' ஒலியை அறிமுகப்படுத்தியபோது, ஆரம்பத்தில் சில நிறுவனங்களின் கருவிகளில் மட்டுமே கனெக்ட் வழியாக அது கிடைத்தது. மற்ற கருவிகள் அந்தந்தக் கம்பெனி ஒத்துழைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்டேட்டே நின்றுபோன பழைய மாடலுக்கு யார் ஒத்துழைப்பார்கள்?

கம்பெனியே தள்ளாடுவதும் உண்டு. ஜப்பானின் பழம்பெரும் ஓங்கியோ ஹோம் என்டர்டெயின்மென்ட், 2022 மே மாதம் திவால் மனு கொடுத்தது. வேறு உரிமையாளர்கள் கையில் அந்தப் பெயரில் ரிசீவர்கள் தொடர்ந்து வருகின்றன. அந்த நாளிலும் வீடுகளில் இருந்த ஓங்கியோ ஆம்ப்கள் எப்போதும்போல் பாடிக்கொண்டுதான் இருந்தன. தயாரித்தவர் கடையைச் சாத்தினாலும் ஆம்ப் பாடும். நெட்வொர்க் பகுதிக்கு மட்டும்தான் பின்னால் யாராவது ஒருவர் எப்போதும் இருந்தாக வேண்டும்.

சரி, தனிப் பெட்டி மட்டும் சாகாதா?

சாகும். இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கூகுள் 2015இல் 'குரோம்காஸ்ட் ஆடியோ' என்ற வட்டமான குட்டிக் கருவியை வெளியிட்டது. அமெரிக்காவில் விலை 35 டாலர். எந்தப் பழைய ஆம்ப்பிலும் ஒரு வயர் போட்டு மாட்டினால் அது ஸ்ட்ரீமிங் ஆம்ப் ஆகிவிடும். 2019 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்கள் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். 2025 மார்ச்சில் ஒருநாள், உலகம் முழுக்க அந்தக் கருவிகள் திடீரென்று காஸ்ட் செய்ய மறுத்தன. உள்ளே இருந்த பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதுதான் காரணம். சில நாட்களில் கூகுள் அதைச் சரிசெய்தது. ஆனால், கைவிடப்பட்ட கருவி எந்த நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

சோனோஸ் கதையும் அதுதான். 2020 ஜனவரியில், தன் பழைய கருவிகளுக்கு மே மாதத்துக்குப் பிறகு புது மென்பொருள் வராது என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு பழையவற்றுக்கு எஸ்1, புதியவற்றுக்கு எஸ்2 என்று இரண்டு ஆப்களாகப் பிரித்துச் சமாளித்தார்கள்.

லாஜிடெக்கின் ஸ்குவீஸ்பாக்ஸ் வேறு மாதிரி. 2012இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. நிறுவனம் நடத்திவந்த இணைய சேவை 2024 தொடக்கத்தில் மூடப்பட்டது. ஆனாலும், அந்தப் பெட்டிகள் பல வீடுகளில் இன்றும் பாடுகின்றன. காரணம், அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூல மென்பொருள். நிறுவனம் விலகினாலும் ஆர்வலர்கள் 'லிரியன் மியூசிக் சர்வர்' என்ற பெயரில் அதைக் காப்பாற்றிவருகிறார்கள்.

ஆக, உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் ஸ்ட்ரீமிங் ஒருநாள் பழையதாகும். அப்படியானால் வித்தியாசம் என்ன? எது பழையதாகும்போது நீங்கள் எதைத் தூக்கிப்போட வேண்டும் என்பதுதான். தனிப் பெட்டி செத்தால் அந்த வயரைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் முடிந்தது. ஆம்ப்பும் ஸ்பீக்கரும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இங்கே பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உள்ளமைந்த ஸ்ட்ரீமிங் நின்றுபோன ரிசீவரும் குப்பை அல்ல. அதன் பின்னால் இருக்கும் ஆக்ஸ் துளையில் ஒரு புதுப் பெட்டியை மாட்டினால் அது மீண்டும் புது ரிசீவர். 'ஸ்பாட்டிஃபை வரலை' என்பதற்காக நல்ல ரிசீவரை எக்ஸ்சேஞ்சில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடத் தேவையில்லை.

நம்ம ஊர் கணக்கு வேறு

லோகோக்களைப் பார்த்து விலை கொடுக்கும் முன், அவற்றில் எத்தனை நமக்குப் பயன்படும் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய கம்பெனிகளின் ரிசீவர்கள் உலகச் சந்தைக்குத் தயாரிக்கப்படுபவை. பண்டோரா, சிரியஸ்எக்ஸ்எம் போன்ற லோகோக்கள் பெட்டியில் இருக்கலாம். அவை அமெரிக்கா பக்கத்து சேவைகள், இந்தியாவில் கிடையாது. அந்த இரண்டையும் கழித்தாலே பட்டியல் இளைத்துவிடும்.

மறுபக்கம், தமிழ்ப் பாட்டுக்கு இங்கே பலர் நம்பியிருக்கும் யூடியூப் மியூசிக், ஜியோசாவன் போன்றவை ரிசீவரின் சொந்த மெனுவில் பெரும்பாலும் இருக்காது. போனிலிருந்து ஏர்பிளே, கூகுள் காஸ்ட், புளூடூத் என்று ஏதாவது ஒரு வழியில்தான் அனுப்ப வேண்டும். எல்லா ரிசீவரிலும் கூகுள் காஸ்ட் இருக்காது என்பதையும் கவனியுங்கள். வீட்டில் எல்லோரும் ஆண்ட்ராய்டு வைத்திருந்து, ரிசீவரில் காஸ்ட் இல்லாவிட்டால், 'உள்ளேயே எல்லாம் இருக்கு' என்று வாங்கியது கடைசியில் வெறும் புளூடூத்தில் வந்து நிற்கும்.

சேவைகளே காணாமல் போவதும் நமக்குப் புதிதல்ல. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக 2024இல் அறிவிப்பு வந்தது. லட்சக்கணக்கானவர்கள் பிளேலிஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு வேறு ஆப்புக்குப் போனார்கள். நாளை எந்த ஆப்பில் பாட்டுக் கேட்போம் என்று நமக்கே தெரியாதபோது, இன்றைய ஆப் பட்டியலை வைத்துப் பதினைந்து வருடத்துக்கான பொருளைத் தேர்ந்தெடுப்பது சரியா?

ஒலித் தரத்தில் வித்தியாசம் உண்டா?

'தனி ஸ்ட்ரீமர் வெச்சா சவுண்டே வேற லெவல்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை.

ஸ்ட்ரீமர் கொடுப்பது டிஜிட்டல் எண்கள். அவற்றை ஒலி அலையாக மாற்றும் சிப்புக்கு 'டாக்' என்று பெயர். தனிப் பெட்டியை ஆப்டிகல் வயர் வழியாக இணைத்தால், எண்கள் அப்படியே ரிசீவருக்குப் போகும். மாற்றும் வேலையை ரிசீவரின் டாக் செய்யும். அப்போது பெட்டி விலை உயர்ந்ததா, மலிவானதா என்பது ஒலியில் பெரிதாகத் தெரியாது. சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ வயரில் இணைத்தால்தான் பெட்டிக்குள் இருக்கும் டாக் முக்கியமாகிறது. ஆப்டிகல் துளை இல்லாத பழைய ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருப்பவர்கள் டாக் நன்றாக உள்ள பெட்டியைப் பார்க்க வேண்டும்.

ஏவி ரிசீவர்காரர்களுக்கு இன்னொரு விஷயம். ஆடிஸி, டிராக், ஒய்பாவோ போன்ற அறைத் திருத்த வசதிகள் டிஜிட்டலில்தான் வேலை செய்கின்றன. அவை ஆன் ஆகியிருந்தால், ஆர்சிஏ வழியாக வரும் ஒலியை ரிசீவர் மறுபடி டிஜிட்டலாக்கி, மறுபடி அனலாக் ஆக்கும். அதனால், ஏவி ரிசீவருக்கு விலை உயர்ந்த டாக் உள்ள ஸ்ட்ரீமர் வாங்கி ஆர்சிஏவில் மாட்டுவது பெரும்பாலும் வீண் செலவு. ஆப்டிகலில் மாட்டினால் போதும்.

ஆப்டிகலில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் வீடுகளில் எர்த் சரியாக இல்லாவிட்டால், ஆர்சிஏ வயரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஏறும். ஆப்டிகலில் போவது வெளிச்சம், மின்சாரம் அல்ல. அதனால் அந்த வழியாக இரைச்சல் வராது.

வைஃபை வேகம் பற்றிய பயம் தேவையில்லை. சிடி தரத்துக்கு நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட் போதும். வீடியோ ஓடும் எந்த இணைப்பும் இதைத் தாங்கும். வேகத்தை விட சிக்னல்தான் சிக்கல். ரிசீவரை டிவிக்கு அடியில், மூடிய அலமாரிக்குள் வைத்தால் வைஃபை தடுமாறும். முடிந்தால் லேன் வயர் போட்டுவிடுங்கள்.

அட்மாஸ் வேண்டுமென்றால்?

இங்கே மட்டும் கணக்கு மாறும். இசையை டால்பி அட்மாஸில், அறையைச் சுற்றிப் பல ஸ்பீக்கர்களில் கேட்க விரும்பினால் சாதாரண ஆடியோ ஸ்ட்ரீமர் உதவாது. ரிசீவரின் உள்ளமைந்த ஸ்ட்ரீமிங்கும் பெரும்பாலும் இரண்டு சேனல்தான் தரும். ஆப்டிகல் வயராலும் அட்மாஸைக் கொண்டுபோக முடியாது. எச்டிஎம்ஐ வழியாக இணையும் ஆப்பிள் டிவி 4கே போன்ற வீடியோ பெட்டிதான் வழி. அதில் ஆப்பிள் மியூசிக் அட்மாஸில் கிடைக்கும். கூடவே டிவியும் ஓடும், படமும் பார்க்கலாம்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு ஸ்ட்ரீமர் இருக்கலாம்

புதுப் பெட்டி வாங்கும் முன் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள்.

ஸ்மார்ட் டிவி இருக்கிறதா? டிவியையும் ரிசீவரையும் எச்டிஎம்ஐ ஏஆர்சி துளையில் இணைத்திருந்தால், டிவியில் இருக்கும் ஸ்பாட்டிஃபை, யூடியூப் எல்லாமே ரிசீவரில் கேட்கும். ஒரு பைசா செலவில்லை. பாட்டுக்காக டிவியை ஆன் செய்ய வேண்டும் என்பதுதான் குறை. பல டிவிகள் ஒலியை 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் அனுப்பும். காது கூர்மையானவர்களுக்கு அது உறுத்தலாம், மற்றவர்களுக்குத் தெரியாது.

மேஜை டிராயரில் பழைய போன் தூங்குகிறதா? அதில் ஹெட்போன் துளை இருந்தால், ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் பின்னும் மறுபக்கம் ஆர்சிஏவும் உள்ள வயரைச் சென்னை ரிச்சி தெரு மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கி, ரிசீவரில் செருகுங்கள். சிம் வேண்டாம், வைஃபை போதும். உங்கள் போனில் இருக்கும் ஸ்பாட்டிஃபையிலிருந்தே அந்தப் பழைய போனை இயக்கலாம். சார்ஜரில் எப்போதும் மாட்டியே வைக்காமல், பேட்டரி உப்புகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கைவேலை பிடிக்கும் என்றால், ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கம்ப்யூட்டரில் ஒரு டாக் பலகையைப் பொருத்தி, வால்யூமியோ, மூட் போன்ற மென்பொருளைப் போட்டுச் சொந்தமாக ஸ்ட்ரீமர் செய்துகொள்ளலாம். பென் டிரைவிலும் ஹார்டு டிஸ்க்கிலும் சேர்த்துவைத்த பழைய பாட்டுகள் நிறைய வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். மென்பொருள் திறந்த மூலமாக இருந்தால், ஸ்குவீஸ்பாக்ஸ் போல நீண்ட காலம் ஓடவும் வாய்ப்பு அதிகம்.

ரெடிமேடாக வேண்டும் என்றால், வீம் போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் இருக்கின்றன. ஆனால், விலை ஏற ஏற எல்லா வசதியும் சேர்ந்துகொண்டே போகும் என்று நினைக்காதீர்கள். வீமின் ஆரம்ப விலைப் பெட்டியான மினியில் ஏர்பிளே உண்டு. 2024இல் வந்த, விலை கூடிய அல்ட்ரா ஏர்பிளே இல்லாமல்தான் வந்தது. ஐபோன் குடும்பம் பெட்டியின் அழகைப் பார்த்து வாங்கியிருந்தால் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

தனிப் பெட்டியில் தலைவலி இல்லையா?

இருக்கிறது. முதலாவது, இரண்டு வால்யூம். பெட்டியிலும் ஒன்று, ரிசீவரிலும் ஒன்று. பெட்டியின் அமைப்பில் 'ஃபிக்ஸ்டு வால்யூம்' வைத்துவிட்டு ரிசீவரில் மட்டும் கூட்டிக் குறைத்தால் குழப்பம் தீரும். ஆனால், அப்போது போனிலிருந்து சத்தத்தை மாற்ற முடியாது. ரிசீவர் ரிமோட் வேண்டும்.

இரண்டாவது, ஆன் செய்வது. பாட்டைத் தட்டினால் பெட்டி விழித்துக்கொள்ளும், ரிசீவர் விழிக்காது. எழுந்து போய் ஆன் செய்து, இன்புட் மாற்ற வேண்டும். எச்டிஎம்ஐ உள்ள பெட்டிகளும், 12 வோல்ட் டிரிகர் துளை உள்ள பெட்டிகளும் இதைத் தானாகச் செய்யும். ரிசீவரிலும் அதற்கான துளை இருக்க வேண்டும்.

மூன்றாவது, பெட்டி, ரிசீவர் என்று இரண்டு ஆப், இரண்டு ரிமோட். பாட்டு வரவில்லை என்றால் குற்றம் யாருடையது என்று கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் ஆகும்.

யாருக்கு எது பொருந்தும்?

புதிதாக ஏவி ரிசீவர் வாங்குகிறீர்கள் என்றால் கவலையே இல்லை. இன்றைய நடுத்தர மாடல்களில் ஸ்ட்ரீமிங் எப்படியும் சேர்ந்துதான் வரும். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். சேனல் எண்ணிக்கை, ஸ்பீக்கருக்கு ஏற்ற சக்தி, எச்டிஎம்ஐ துளைகள், அறைத் திருத்தம் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ரீமிங்கை ஓடும்வரை ஓட்டுங்கள். நின்ற பிறகு ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் கேட்பவர் என்றால், நெட்வொர்க் இல்லாத ஸ்டீரியோ ஆம்ப்பும் தனிப் பெட்டியும் நல்ல ஜோடி. யமஹாவின் ஏ-எஸ்501 மாதிரி ஆம்ப்களில் நெட்வொர்க் கிடையாது. ஆனால் ஆப்டிகல், கோஆக்சியல் இன்புட் உண்டு. எந்தக் காலத்துப் பெட்டியையும் அது ஏற்றுக்கொள்ளும்.

நன்றாக ஓடும் பழைய ரிசீவர் வைத்திருப்பவர்கள் புது ரிசீவர் பக்கமே போக வேண்டாம். பெட்டி மட்டும் போதும்.

ஒரே ரிமோட், ஒரே பட்டன் என்று எளிமை வேண்டும் பெரியவர்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால் உள்ளமைந்ததே மேல். சில வருடம் கழித்து நின்றாலும், அதுவரை அவர்கள் நிம்மதியாகக் கேட்டிருப்பார்கள்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இந்த மாடல் எந்த வருடம் வந்தது? தள்ளுபடியில் கிடைக்கும் ரிசீவர் ஏற்கெனவே நான்கைந்து வருடம் பழையது என்றால், அதன் ஸ்ட்ரீமிங் பகுதியின் ஆயுளில் அவ்வளவு கழிந்துவிட்டது என்று அர்த்தம். ஆம்ப்புக்காக வாங்கலாம், லோகோவுக்காக வேண்டாம்.

2. கடைசி மென்பொருள் அப்டேட் எப்போது வந்தது? கம்பெனி இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

3. வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் போனிலிருந்து, தினமும் கேட்கும் ஆப்பிலிருந்து, பாட்டு வருகிறதா? கடையிலேயே உங்கள் போனில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். புளூடூத்தில் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், வைஃபையில் கேளுங்கள்.

4. பின்புறம் காலியாக எத்தனை இன்புட் இருக்கிறது? ஆப்டிகல் ஒன்றாவது வேண்டும். டிவி, செட்-டாப் பாக்ஸ் எல்லாம் மாட்டிய பிறகும் ஒன்று மிச்சம் இருக்க வேண்டும்.

5. அதே சக்தியுள்ள, நெட்வொர்க் இல்லாத மாடலுக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்? அந்தத் தொகை ஒரு நல்ல தனிப் பெட்டியின் விலையை விட அதிகம் என்றால், நெட்வொர்க் இல்லாததை எடுத்துவிட்டு மிச்சப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் பாருங்கள்.

இந்த ஐந்தில் நான்காவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. முகப்பில் இருக்கும் லோகோக்கள் எத்தனை வருடம் வேலை செய்யும் என்று விற்பவராலும் சொல்ல முடியாது. ஆனால், பின்புறம் ஒரு துளை காலியாக இருந்தால், பத்து வருடம் கழித்து வரப்போகும் பெட்டியையும் அதில் மாட்டிக்கொள்ளலாம். கடையில் ரிசீவரைத் திருப்பி வைத்து அதை ஒருமுறை பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.